பருவங்கள் பற்றி ஒரு திருத்தம்

போன ஐப்பசியில் பெரியப்பா காலமானார். அடையாறு காந்தி நகரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, பெரியம்மாவின் அப்பா ஐம்பதுகளில் கட்டிய வீடு. கூட்டுறவுச் சங்கம் ஒன்று மனை பிரித்துக் கொடுத்து உண்டான குடியிருப்பு அது. கட்டடத்தைவிடச் சுற்றி விட்ட இடம் அதிகமாக இருந்த காலம். வாசல் பக்கம் இருபதடிக்குப் பதினைந்தடி அளவில் ஒரு புல்தரை. பெரியப்பா அதை லான் என்பார். பெரியம்மா புல்லு என்பாள். நாற்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

வீட்டை இடித்துக் கட்ட ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஆனியில் காலி செய்து கொடுக்க வேண்டும். புல்தரை இருக்கிற இடத்தில் கார்கள் நிற்கும் என்று வரைபடத்தில் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும் தை மாசக் கடைசியில் பெரியம்மா எனக்குப் போன் செய்தாள்.

'லானைப் பண்ணிடணும்டா. நாள் ஆயிண்டிருக்கு.'

அவள் வாயிலிருந்து லான் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

'எதுக்குப் பெரியம்மா? இன்னும் நாலு மாசம்தானே?'

'நாலு மாசம் இருக்கோல்லியோ' என்றாள்.

நான் வங்கியில் எழுத்தர். சமீபத்தில் எங்கள் உத்தியோகத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை பழைய வேலைதான். 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. விமர்சனக் கட்டுரைகளை நான் எழுதுவது அந்தச் சனிக்கிழமைகளில்தான். இந்த மாசியில் அவற்றையும் ஞாயிறுகளையும் காந்தி நகரில் கழித்தேன். வேறு யாரும் இல்லை. பெரியப்பாவின் பெண் சிகாகோவில். என் தி. நகர் ஜாகையில் மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு தொட்டிகள் உண்டு, ஒன்றில் துளசி, இன்னொன்றில் சும்மா மண். தி. நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இன்னும் இருக்கிறது. பார்க்கத்தான் ஏரி இல்லை. அங்கே முதலில் வீடு கட்டியவர்கள் மாமரம், தென்னை, கிணறு எல்லாவற்றுக்கும் இடம் விட்டார்கள். இப்போது ஸ்கூட்டரைத் திருப்ப இடம் இல்லை. புல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் பொங்கல் விடுமுறைகளில் பெரியப்பாவிடம் தெரிந்துகொண்டதுதான்.

பெரியப்பா ஏஜீஸ் ஆபீஸில் இருந்தவர். கணக்கைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். கவிதை படித்து நான் பார்த்ததில்லை. அவரிடம் இரண்டு தோட்டப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று பெங்களூர் கோபாலசாமி ஐயங்காரின் 'கம்ப்ளீட் கார்டனிங் இன் இண்டியா'. அடுத்தது மூர் மார்க்கெட்டில் வாங்கிய, இங்கிலாந்தில் அச்சான, அட்டை போன ஒரு கையேடு. மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தது; புத்தகம் அதற்கு முந்தியது. இந்த இரண்டாவது புத்தகத்தைத்தான் அவர் அதிகம் பிரித்திருக்கிறார் என்று முதுகு ஒடிந்ததில் தெரிந்தது. மாதவாரியாக வேலைகள். மார்ச்சில் புல்தரையைத் தயார் செய்வது எப்படி என்று ஆறு பக்கம். உலர்ந்த நாளாகப் பார்த்து முதல் வெட்டு. அதையும் ஒட்ட வெட்டாமல் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். பனிக்காலத்தில் சேர்ந்த செத்த புல்லையும் பாசியையும் வாரி எடுப்பது. முள்கரண்டி போன்ற கருவியால் தரையைக் குத்தித் துளைகள் போடுவது. சன்ன மணலும் மக்கும் கலந்து மேலே தூவுவது. சொட்டையான இடங்களில் விதை போடுவது. ஓரங்களை நூல் பிடித்த மாதிரி வெட்டி விடுவது.

பெரியப்பா இதில் பென்சிலால் செய்திருந்த திருத்தங்களைத்தான் சொல்ல வந்தேன். மார்ச் என்று இருந்த தலைப்பை அடித்துவிட்டு 'தை 15க்கு மேல்' என்று எழுதியிருந்தார். பனி என்ற இடத்தில் 'மழை'. பாசி என்ற இடத்தில் 'கோரை'. விதை என்ற இடத்தில் 'கணு'. உரக் கடைப் பெயர் ஒன்று இருந்த இடத்தில் 'வேப்பம்புண்ணாக்கு, இடித்தது, கரையானுக்கு'. ஆறு பக்கத்திலும் இப்படி. ஒரு பாராவை மொத்தமாகக் குறுக்கே அடித்து 'நமக்கு இல்லை' என்று எழுதியிருந்தார். அது உறைபனியில் புல் மேல் நடக்கக் கூடாது என்று எச்சரிக்கிற பாரா.

இந்தத் திருத்தங்களில் ஒரு தர்க்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் புல்லைத் தூங்க வைப்பது குளிர். மார்ச்சில் மண் சூடேறுகிறது, அதனால் வேலையும் அப்போது. இங்கே புல்லை நிறுத்துவது ஈரமின்மை. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு முடிந்து, தை பாதியில் மேல்மண் காய்ந்துவிடும். அடியில் மட்டும் ஈரம் நிற்கும். மாசி முடிவதற்குள் அந்த ஈரத்தில் வேர் இறங்கினால் சித்திரை வெயிலைப் புல் சமாளிக்கும். பங்குனிக்குத் தள்ளிப்போட்டால் மண் ஓடு மாதிரி ஆகிவிடும், கடப்பாரை எகிறும். பெரியப்பா வார்த்தையை மொழிபெயர்க்கவில்லை. அந்த வார்த்தை எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்து, அந்த வேலையைச் செய்கிற நம்மூர் விஷயத்தை அங்கே வைத்தார். தமிழில் எலியட்டை மொழிபெயர்த்தவர்களில் சிலருக்கு இந்தப் புத்தகத்தைக் காட்டலாம் என்று தோன்றியது.

எலியட் பெயர் வந்துவிட்டது. அவரும் வங்கிக் குமாஸ்தா. 1917லிருந்து 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில். 'தி வேஸ்ட் லாண்ட்' 1922ல் வெளிவந்தபோது அங்கேதான் வேலை. (இந்த உதாரணத்தைச் சொல்லாத வங்கி எழுத்தாளர் எவரையும் நான் சந்தித்ததில்லை.) அந்தக் கவிதை ஏப்ரலில் ஆரம்பிக்கிறது. பனிக்காலம் போய் மண் மறுபடி உயிர் கொள்கிற மாதம். அதைப் போய்க் குறை சொல்கிறாரே என்பதுதான் படிப்பவனுக்கு ஏற்பட வேண்டிய அதிர்ச்சி. மயிலாப்பூரில் எங்கள் பி.ஏ. வகுப்பில் அந்த அதிர்ச்சி யாருக்கும் ஏற்படவில்லை. ஏப்ரலைப் பற்றி யார் புகார் சொன்னாலும் சென்னையில் தலையாட்டுவார்கள். மூன்று வருஷமும் வசந்தம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. டாஃபொடில் பூவை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதன் நிறம் மஞ்சள் என்று எழுதி மார்க் வாங்கினேன்.

தமிழில் வசந்தம் பாடமாக இல்லை, பழக்கமாக இருக்கிறது. சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில் அல்லது வசந்தருது என்று பஞ்சாங்கமும் சொல்கிறது, இலக்கணமும் சொல்கிறது. கோயில்களுக்கு இதில் குழப்பம் இல்லை. வசந்த மண்டபம் என்பது வெயில் தாங்காமல் சுவாமி போய்த் தங்குகிற இடம். சுற்றிலும் தண்ணீர் கட்டுவார்கள். தொல்காப்பியத்துக்கும் குழப்பம் இல்லை. வேனிலைப் பாலைக்குக் கொடுத்தது. பின்பனியும் பாலைக்கு ஆகும் என்று சேர்த்துச் சொன்னது. மாசி, பங்குனிதான் பின்பனி. அதாவது நம்முடைய பழைய கவிதை வெயிலும் பிரிவும் வறட்சியும் இருக்கிற இடத்தில்தான் இந்த மாதங்களை வைத்திருக்கிறது. குழப்பம் பின்னால் வந்தது. சினிமாப் பாட்டில் வசந்தம் வந்தால் குயில், தென்றல், கதாநாயகி. 1967 ஜூலையில் நக்ஸல்பாரியைப் பற்றிப் பீகிங் பத்திரிகை வசந்தத்தின் இடிமுழக்கம் என்று எழுதியது. அதற்குப் பிறகு தமிழ்க் கவிதையில் அந்த இடி பத்து வருஷத்துக்குக் குறையாமல் இடித்தது. இங்கே எந்த மாதத்தில் இடிக்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை. வசந்தம் என்றால் வரப்போகும் நல்ல காலம். இலையுதிர் காலம் என்றால் போய்விட்ட நல்ல காலம். இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதம். இந்த ஆறு மாதமும் அப்படியே இறக்குமதி.

இதையெல்லாம் நான் முன்பே எழுதியிருக்கிறேன். இதே பத்திரிகையில், ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு நண்பரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது. பெயர் வேண்டாம். படிப்பவர்கள் நூறு பேருக்கும் தெரியும். அந்தத் தொகுப்பில் புங்க மரம் ஒன்றைப் பற்றிப் பன்னிரண்டு வரியில் ஒரு கவிதை. விடியற்காலையில் ஒரு பெண் தெருவைப் பெருக்குகிறாள். மேலிருந்து இலை விழுகிறது. அதே கிளையில் தளிர் விடுகிறது. அவள் பெருக்குவதை நிறுத்தவில்லை. அவ்வளவுதான் கவிதை. நான் அதன்மீது முக்கால் பக்கம் எழுதினேன். இங்கிலீஷ்க் கவிதையிலிருந்து இலையுதிர் காலத்தையும் வசந்தத்தையும் எடுத்துக்கொண்ட கவிஞருக்கு அவை ஒன்றன் பின் ஒன்றாக வரும் என்பதுகூடத் தெரியவில்லை என்றேன். கடன் வாங்கியவர் வரிசையாகவாவது வாங்கியிருக்கலாம் என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பலபேர் என்னிடம் திருப்பிச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மந்தைவெளியில் ஒரு டீக்கடையில் நண்பரும் கூட இருக்கும்போதே ஒருவர் சொன்னார். நண்பர் சிரித்தார். டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. என் மதிப்புரையால்தான் என்று சொல்லிக்கொள்வது எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற மரியாதையாகிவிடும். அவருக்குக் கல்யாணம் ஆயிற்று, மாற்றல் ஆயிற்று. தமிழில் ஒரு தொகுப்போடு நின்றவர்களின் பட்டியல் நீளமானது. எல்லோரையும் மதிப்புரைகள் நிறுத்தவில்லை.

மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். ஐப்பசிக்குப் பிறகு யாரும் கவனிக்காததால் புல் முழங்கால் உயரம் இருந்தது. பெரியப்பாவின் தள்ளு இயந்திரம் அதில் ஓடவில்லை. அரிவாளால் அறுத்தேன். அறுத்த பிறகுதான் உள்ளே கோரை எவ்வளவு என்று தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கோரையும் புல் மாதிரிதான் இருக்கும், இன்னும் கொஞ்சம் பச்சையாகவே. கையில் உருட்டிப் பார்த்தால் தண்டு முக்கோணமாக இருக்கும். இழுத்தால் சுலபமாக வந்துவிடும். அங்கேதான் ஏமாற்று. வருவது மேலே இருப்பது மட்டும். கீழே, ஒரு சாண் ஆழத்தில், கறுப்பாகச் சுண்டைக்காய் அளவில் கிழங்கு, அதிலிருந்து நூல் ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. இழுத்துவிட்டுப் போனால் பத்து நாளில் ஒன்றுக்கு இரண்டாக முளைத்திருக்கும். சின்ன வயதில் பெரியப்பா பத்துக் கிழங்குக்கு ஒரு ரூபாய் என்று கூலி பேசியிருந்தார். நான் மேல்புல்லைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டுவேன். 'கிழங்கைக் காட்டு' என்பார். காசு தரமாட்டார்.

இந்தத் தடவை களைக்கொத்தால் தோண்டி எடுத்தேன். அரை வாளி சேர்ந்தது. பெரியம்மா அதைக் கொட்டவிடவில்லை. கழுவி மொட்டைமாடியில் காயப் போட்டாள். கோரைக்கிழங்குக்கு முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடையில் பெயர். ஸ்நானப் பொடியில் சேர்ப்பார்கள், நல்ல வாசனை. அவருக்குக் களை, இவளுக்குச் சரக்கு. நாற்பது வருஷமும் இப்படித்தான் நடந்திருக்கிறது; எனக்குத்தான் தெரியாது.

புல்லும் அப்படித்தான். பெரியப்பா லானுக்கு என்று தனியாகத் தேடிப் போய் வாங்கினது என்ன புல் என்று பார்த்தால், அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகு. அமெரிக்கர்கள் இதற்குப் பெர்முடா புல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெர்முடாவுக்கும் அது வெளியிலிருந்து போனதுதான். நம்மூர் நர்சரிகளில் கொரியன் புல், மெக்ஸிகன் புல் என்று பாய் மாதிரி சுருட்டியோ கட்டம் கட்டமாக வெட்டியோ விற்கிறார்கள். விரித்த அன்றைக்கே புல்தரை. பெரியப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. யாரோ சீமையிலிருந்து கொண்டுவந்த விதையை ஒரு தடவை தொட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறார். மார்கழியில் பட்டு மாதிரி முளைத்ததாம். பங்குனியில் ஒரே வாரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு அருகுதான். கத்தரிக்கோலால் இரண்டு கணு இருக்கிற மாதிரி வெட்டி, நாலு விரல் இடைவெளி விட்டு, ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே என்று நட வேண்டும். சொட்டை பெரிதாக இருந்தால் இன்னொரு முறை உண்டு. நறுக்கின அருகை மண்ணோடும் சாணியோடும் குழைத்துத் தரையில் பூசிவிடுவது, சுவருக்குப் பூசுகிற மாதிரி. பதினைந்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பூச்சு முழுக்கப் பச்சை குத்தும். தோட்டக்கலைக்காரர்கள் லான் போடும் முறைகளில் இதுவும் ஒன்று. பெரியம்மாவின் கண்ணுக்கு அது வாசல் மெழுகுவது.

இரண்டாவது ஞாயிறு துளை போட்டேன். கடப்பாரை நுனியால் அரை அடிக்கு ஒன்று. சலித்த தொழு உரமும் செம்மண்ணும் மணலும் கலந்து அரை அங்குல கனத்துக்குத் தூவினேன். ஆற்று மணலுக்கு அலைய வேண்டியிருந்தது. கடையில் எம் சாண்ட் இருக்கிறது என்றார்கள். அது கல்லை அரைத்தது, தூள் இறுகிக்கொள்ளும். பெரியப்பா புத்தகத்தில் மணல் என்ற வார்த்தை மட்டும் திருத்தப்படாமல் இருந்தது. அவர் காலத்தில் அதற்கு அவசியம் இருக்கவில்லை.

தூவி முடித்து, ஓலை விளக்குமாறால் பரத்திவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் தரை முழுக்க மஞ்சள். வேம்பு. எழுந்து பெருக்கினேன். மறுபடி மஞ்சள். மூன்றாவது தடவை எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தேன். மரத்தின் கிழக்குப் பாதி மொட்டையாக இருந்தது. மேற்குப் பாதியில் பழுத்த இலை உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த மொட்டைப் பாதியின் நுனிகளில் செப்பு நிறத்தில் தளிர். நான் நின்ற இடத்துக்கு நேர் மேலே இருந்த கிளையில் இரண்டும் இருந்தன: கீழ்க் கணுக்களில் பழுப்பு, நுனியில் தளிர். ஒரு இலை என் தோளில் விழுந்தது. நான் விளக்குமாறோடு நின்றிருந்தேன். தெருவில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். அதற்கு இன்னும் நாள் இருந்தது. பங்குனியில் பார்த்தேன். ஒரு வாரம் கொட்டியது. அடுத்த வாரத்துக்குள் எண்ணெய் தடவின மாதிரி இளம்பச்சை. வாதாம் மரத்தில் அதற்கு முன்பே, தையில், சிவப்பாகிக் கொட்டித் தளிர்த்தாகிவிட்டது.

இது எந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கும் தெரிந்த விஷயம். மாநகராட்சி வண்டியில் மாசி, பங்குனியில்தான் இலை அதிகம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். மயிலாப்பூரில் பங்குனி உற்சவத்துக்கு வருஷாவருஷம் அறுபத்துமூவர் பார்க்கப் போகிறவன். மாட வீதி முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். நான் அண்ணாந்து பார்த்ததெல்லாம் சப்பரங்களை.

ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பழைய இதழைத் தேடி எடுத்தேன். கவிதையைப் படித்தேன். அதில் வசந்தம் என்ற வார்த்தை இல்லை. இலையுதிர் காலம் என்ற வார்த்தையும் இல்லை. இரண்டையும் கொண்டுபோய் வைத்தது நான். அவர் புங்க மரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். நான் அந்த மரத்தின் மேல் என் பி.ஏ.வைப் போர்த்தினேன். அதைவிட மோசமான ஒன்று உண்டு. கடன் வாங்கிய பருவங்கள் என்று நான் யாரைக் குற்றம் சாட்டினேனோ, அவரிடம் கடன் எதுவும் இல்லை. கணக்கு என் பேரில் இருந்தது. வங்கியில் இப்படி ஒரு தவறான பதிவு செய்தால் அன்று மாலைக்குள் எதிர்ப்பதிவு போட்டாக வேண்டும். போடாவிட்டால் இருப்பு ஒத்துவராது, வீட்டுக்குப் போக முடியாது. இலக்கியத்தில் ஆறு வருஷம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆகவே திருத்தம்: அந்தக் கவிதையில் பருவக் குழப்பம் இல்லை. அது சென்னையின் ஒரு தெருவில் பங்குனி மாதத்தில் விடியற்காலையில் நடப்பதைச் சரியாகச் சொல்கிறது. அந்தப் பெண் பெருக்குவதை நிறுத்தாதது ஏன் என்றும் இப்போது எனக்குத் தெரியும், நிறுத்தினால் தீராது. நான் அதைக் கவிஞரின் செயற்கையான சோகம் என்று எழுதியிருந்தேன். அதுவும் தவறு. தொகுப்பின் மற்றக் கவிதைகளைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோட்டத்தில் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரை நண்பர் கண்ணில் படாது. அவர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்று ஆசிரியர் சொல்கிறார்.

பெரியப்பாவின் லான் இதற்கு முன் மூன்று தடவை செத்திருக்கிறது. 2003லும் 2004லும் ஊரே குடத்தோடு லாரிக்காக நின்றபோது அது மணலாயிற்று. 2003ல்தான் மழைநீர்ச் சேகரிப்பைச் சட்டமாக்கினார்கள். ஜல்லியும் மணலும் போட்டு லானின் மூலையில் அவர் தோண்டிய குழி இன்னும் இருக்கிறது. 2004ல் வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்தது. அதற்கடுத்த தையில் பூச்சு முறையில் மறுபடி உண்டாக்கினார். 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் புகுந்த இரவு, இங்கே வாசல்படி வரை வந்து இரண்டு நாள் நின்றது. வடிந்தபோது புல்லின் மேல் நான்கு விரல் கனத்துக்கு வழுவழுவென்று சேறு. எல்லோரும் போயிற்று என்றார்கள். மாசியில் சேறு பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளில் அருகு வந்தது. அந்த வருஷம் மாதிரிப் பச்சை எந்த வருஷமும் இல்லை என்பார். கோரையும் அப்படியே. அடுத்த டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். தெருவின் பெரிய தூங்குமூஞ்சி மரம் மதில் மேல் விழுந்தது. நாற்பது வருஷமாகப் புல்லே வராத வடகிழக்கு மூலையில் வெயில் விழ ஆரம்பித்தது. மரம் போனதற்கு வருத்தப்பட்டுக்கொண்டே அங்கே கணு நட்டார். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, லானுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். பெரியம்மா அரிசி களைந்த தண்ணீரை ராத்திரியில் ஒரு ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஓரத்திலிருந்துதான் அடுத்த தையில் கணு எடுத்தார்கள். யார் ஊற்றினது என்று அவர் கேட்கவில்லையாம்.

ஆனியில் நடக்கப் போவது இந்த வகையில் சேராது. மேல்மண்ணையே வெட்டி எடுத்துவிடுவார்கள். கிழங்கும் போய்விடும்.

பங்குனி மூன்றாம் வாரத்தில் புல் சமமாக எழுந்துவிட்டது. தள்ளு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு முதல் வெட்டு வெட்டினேன். புத்தகத்தில் சொன்ன மாதிரி நுனியை மட்டும். சொட்டைகள் இருந்த இடம் தெரியவில்லை. கிட்டே குனிந்தால் மட்டும் நட்ட வரிசை தெரியும். அன்றைக்குக் காலையில் பெரியம்மா பெரியப்பாவின் பழைய வேஷ்டி ஒன்றை எடுத்து வந்து மரத்தடியில் புல்லின் மேல் விரித்தாள். வேப்பம்பூ ஆரம்பித்துவிட்டது. வருஷப் பிறப்புப் பச்சடிக்கும், காயவைத்து ரசத்துக்கும்.

'அவர் விரிக்கவே விடமாட்டார்' என்றாள். 'துணி கிடந்தா புல்லு வெளுத்துடுமாம். எதிராத்துலேர்ந்து வாங்கிண்டு வருவேன், நம்மாத்துலயே மரத்தை வெச்சுண்டு.'

நான் நாற்காலியை நகர்த்தி வேஷ்டியின் ஒரு முனையைப் பிடித்துச் சுருக்கம் எடுத்தேன். பதினொரு மணி வரை பூ கொட்டியது. உதறி மடித்தபோது அந்த இடத்தில் புல் ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. சாயங்காலம் தண்ணீர் விட்டேன்.